7.90ஆ, 3.42ஆ? ஒரு மின்சாரப் பங்கின் பழைய விலையை வாசிப்பது

கொக்குவிலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். அப்பா 2011 மே மாதம் கொழும்புச் சந்தையில் ஒரு நீர்மின் கம்பனியின் 2,000 பங்குகளை 7.90 ரூபாப்படி வாங்கியிருக்கிறார். தரகர் தந்த கொன்ட்ராக்ட் நோட், அதாவது கொள்வனவுச் சீட்டு, கையில் இருக்கிறது. இப்போது இணையத்தில் பழைய விலைகளை இறக்கிப் பார்த்தால், அதே நாளுக்கு ஒரு தளம் 7.90 என்கிறது, இன்னொன்று 3.42 என்கிறது. இன்றைய விலை 8.50, பதினான்கு வருடத்தில் ஒன்றும் வளரவில்லை போலத் தெரிகிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் நாஷனல் கிரிட் (பிரித்தானிய மின்கம்பிக் கம்பனி) பங்கு 2024 மே மாதத்தில் சடாரென்று விழுந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தளம் பொய் சொல்கிறது என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள்ளே இருப்பது வேறு இரண்டு: அப்பாவுக்கு இலாபமா நட்டமா, இந்தப் பழைய விலைகளை வைத்துக்கொண்டு இனி விற்பதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்கலாமா. முதலாவதுக்குத் திட்டவட்டமாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு அரைவாசிதான் சொல்லலாம்.

இரண்டு தளமும் பொய் சொல்லவில்லை. 7.90 என்பது அன்றைக்கு உண்மையில் கைமாறிய விலை. 3.42 என்பது பின்னாளில் கணக்கிட்டுச் சீராக்கிய விலை. அந்த விலைக்கு அன்று ஒருவரும் வாங்கவில்லை, விற்கவுமில்லை. இதை ஒரே பார்வையில் பிடிக்கலாம். கொழும்பில் பத்து ரூபாவுக்குக் கீழ் விற்கும் பங்கு பத்துச் சதப் படியில்தான் ஏறி இறங்கும். 3.40 வரும், 3.50 வரும், 3.42 என்ற பேரம் நடக்க வழியில்லை. பழைய விலைகளில் இப்படி உதிரிச் சதங்கள் வரிசையாக வந்தால் அது சீராக்கிய நிரல் என்று உடனே எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பத்துச் சதத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. நாலு ரூபாப் பங்கு ஒரு படி அசைந்தாலே இரண்டரை வீதம் அசைந்ததாகப் பதிவாகும். மலிவான மின்சாரப் பங்குகளின் வரைபடம் படிக்கட்டுப் போலக் குதிப்பதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு குதிப்புக்கும் செய்தி தேடி அலைய வேண்டாம்.

சீராக்கல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மீதி தானாக விளங்கும். ஒரு பங்கின் முடிவு விலை 10.00 ரூபா, கம்பனி 50 சதம் பங்கிலாபம் அறிவித்திருக்கிறது என்று வையுங்கள். எக்ஸ்டி நாள், அதாவது பங்கிலாப உரிமை பங்கிலிருந்து பிரியும் நாள், விடிந்தால், அன்று வாங்குபவருக்கு அந்த 50 சதம் கிடையாது. ஆகவே வேறொன்றும் நடக்காவிட்டால் விலை 9.50 அளவில் திறக்கும். பங்கை வைத்திருந்தவருக்கு இது நட்டமில்லை. 50 சதம் சந்தையை விட்டு அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது. வரைபடத்தில் இது வீழ்ச்சி போலத் தெரியக்கூடாது என்பதற்காகத் தளம், 0.50ஐ 10.00 ஆல் பிரித்து, ஒன்றிலிருந்து கழித்து, 0.95 என்ற காரணியை எடுத்து, அதற்கு முந்தைய எல்லா நாள் விலைகளையும் அதனால் பெருக்குகிறது. அடுத்த பங்கிலாபத்துக்கு இன்னொரு காரணி. இப்படிப் பதினான்கு வருடம் பெருக்கிக்கொண்டு போனால் பழைய விலை சுருங்கிச் சுருங்கி வரும். வருடத்துக்கு 6 வீதம் அளவில் பங்கிலாபம் கொடுத்த ஒரு பங்குக்கு, வேறு எதுவும் நடக்காமலே 7.90 என்பது 3.40 சொச்சத்துக்கு வந்துவிடும். உங்கள் 3.42 அந்தக் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இதனால் இன்னொரு குழப்பமும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சீராக்கிய பழைய விலை நிலையானதல்ல. கம்பனி அடுத்த பங்கிலாபம் கொடுத்தவுடன் 3.42 என்பது 3.25 ஆகலாம். போன வருடம் இறக்கிய கோப்பும் இந்த வருடம் இறக்கிய கோப்பும் ஒத்துவரவில்லை என்று பலர் முறையிடுவது இதனால்தான். இரண்டு வேறு காலத்தில் இறக்கிய சீராக்கிய விலைகளை ஒரே நிரலில் ஒட்டாதீர்கள்; ஒட்டிய இடத்தில் இல்லாத ஒரு பள்ளம் விழும். எப்போது இறக்கினீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பது நல்லது. சர்வதேசத் தளங்களில் யாஹூ ஃபினான்ஸ் போன்றவற்றில் இன்னொரு பொறி: அங்கே வெறும் முடிவு விலை என்று காட்டும் நிரலும்கூடப் பங்குப் பிரிப்புக்குச் சீராக்கியதுதான். பக்கத்தில் இருக்கும் மற்ற நிரல் பங்கிலாபத்துக்கும் சேர்த்துச் சீராக்கியது. அன்று உண்மையில் கைமாறிய விலை அங்கே எந்த நிரலிலும் இல்லாமல் போகலாம்.

உங்களிடம் இரண்டு தளத்தின் கோப்பும் இருப்பது அதிர்ஷ்டம். இரண்டையும் எக்செலில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, நாளுக்கு நாள் பொருத்தி, சீராக்கிய விலையை நேரடி விலையால் பிரியுங்கள். அண்மை நாட்களில் விடை 1 ஆக இருக்கும். பின்னோக்கிப் போகப் போக அது படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு நிகழ்வு. 2 முதல் 6 வீதம் வரையான சின்னப் படிகள் பங்கிலாபம். அந்தத் தேதியை எக்ஸ்டி நாளோடு ஒப்பிட்டால் பொருந்த வேண்டும். படி திடீரென்று பாதியானால் ஒன்றை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முக்கால், ஆறில் ஐந்து போன்ற சுத்தமான பின்னங்கள் வந்தால் போனஸ் பங்கு, அதாவது இருப்பவருக்குக் காசு வாங்காமல் கொடுத்த புதுப் பங்கு. ஒழுங்கில்லாத பெரிய படி, உதாரணமாக 0.91, 0.87, பெரும்பாலும் உரிமை வழங்கல் (இருக்கும் பங்காளருக்குச் சலுகை விலையில் புதுப் பங்கு) அல்லது வழமைக்கு மேற்பட்ட விசேட பங்கிலாபம். கம்பனி அறிவித்த ஒரு பங்கிலாபத்துக்குப் படியே இல்லையென்றால் அந்தத் தளம் அதைத் தவறவிட்டிருக்கிறது. சிறிய சந்தைகளின் தரவில் இது அடிக்கடி நடக்கும். கொழும்புத் தரவு வைத்திருக்கும் வெளிநாட்டுத் தளங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் இந்த ஒரு சோதனையை மட்டுமாவது செய்யுங்கள்.

இலங்கையில் பங்குப் பிரிப்பைத் தேடுபவர்களுக்கு ஒரு சின்ன இடைச்செருகல். இந்தியப் பங்குகளில் முகப்பெறுமதி (பங்கில் பொறித்த பெறுமதி) மாறியதை வைத்துப் பிரிப்பைக் கண்டுபிடிக்கலாம். டாட்டா பவர் 2011இல் பத்து ரூபாய் முகப்பெறுமதியை ஒரு ரூபாயாக்கியபோது ஒரு பங்கு பத்தானது. இங்கே 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தோடு முகப்பெறுமதி என்ற சங்கதியே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய காகிதச் சான்றிதழில் பத்து ரூபா என்று அச்சடித்திருப்பதை வைத்து எதையும் கணக்கிட முடியாது. பங்குகளின் மொத்த எண்ணிக்கை எந்த வருடத்தில் தாவியிருக்கிறது என்று ஆண்டறிக்கைகளில் பார்ப்பதுதான் வழி.

போனஸ் பங்குக்கு நல்ல உதாரணம் இந்தியாவின் பவர் கிரிட். 2007இல் பொது வழங்கல் விலை 52 ரூபாய். 2021இல் மூன்று பங்குக்கு ஒன்று போனஸ், 2023இல் மறுபடியும் மூன்றுக்கு ஒன்று. ஒன்பது பங்கு வைத்திருந்தவரிடம் பன்னிரண்டு ஆகி, பிறகு பதினாறு ஆனது. ஆக, இன்றைய அளவில் அந்த 52 என்பது 52 × 9 ÷ 16, அதாவது 29.25. பழைய பத்திரிகையில் 52 என்று வாசித்தவர் வரைபடத்தில் 29.25ஐப் பார்த்தால் குழம்பத்தான் செய்வார். அதே கம்பனி 2010இலும் 2013இலும் 90 ரூபாய்க்குத் தொடர் பொது வழங்கல் செய்தது; அதற்குச் சீராக்கல் கிடையாது, ஏனென்றால் இருந்த பங்காளருக்குச் சலுகை விலையில் கொடுக்காமல் சந்தையில் பொதுவாக விற்றார்கள். எல்லாப் புதுப் பங்கும் சீராக்கலைக் கொண்டுவராது என்பதைக் கவனிக்க இது உதவும்.

இனிச் சித்தப்பாவின் நாஷனல் கிரிட். 2024 மே 23 அன்று கம்பனி, ஒவ்வொரு 24 பங்குக்கும் 7 புதிய பங்குகளை 645 பென்ஸ்படி வாங்கும் உரிமையை அறிவித்தது. திரட்டியது ஏறக்குறைய 7 பில்லியன் பவுண். முந்தைய நாள் முடிவு விலை 1,127.5 பென்ஸ். புதிய பங்குகளுக்கு அந்த வருட இறுதிப் பங்கிலாபமான 39.12 பென்ஸ் கிடையாது, ஆகவே அதைக் கழித்து 1,088.38 என்று எடுக்க வேண்டும். 24ஐ 1,088.38 ஆல் பெருக்கினால் 26,121; அதோடு 7 × 645 = 4,515ஐச் சேர்த்தால் 30,636; மொத்தம் 31 பங்கால் பிரித்தால் 988 பென்ஸ் அளவு வருகிறது. உரிமை பிரிந்த பின் பங்கு நிற்க வேண்டிய கணக்கு விலை அது. 988ஐ 1,088.38 ஆல் பிரித்தால் 0.908. அதாவது, சந்தை கம்பனியைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்லாமலே, விலையில் ஒன்பது வீதம் சொச்சம் வெறும் கணக்கால் குறையும். அதற்கு மேல் விழுந்ததுதான் முதலீட்டாளரின் கோபம். நீங்கள் சொன்ன வீழ்ச்சியில் இரண்டும் கலந்திருக்கிறது: அறிவித்த நாளில் அதிருப்தி, உரிமை பிரிந்த நாளில் கணக்கு. தரவுத் தளங்கள் உரிமை பிரிவதற்கு முந்தைய கடைசி நாள் விலையை வைத்தே காரணியை எடுப்பதால், தளத்துக்குத் தளம் இலக்கம் சற்று மாறும்.

சித்தப்பா 7 புதிய பங்குகளை வாங்கினாரா என்பதில்தான் அவருடைய கதை இருக்கிறது. வாங்கியிருந்தால் அவர் போட்ட மொத்தப் பணம் கூடியிருக்கிறது, பங்கின் எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. சராசரிக் கொள்விலையை மறுபடி கணக்கிட வேண்டும். வாங்காமல் விட்டிருந்தால், ஏற்கப்படாத உரிமைகளை விற்று மிஞ்சிய பணத்தைப் பங்காளருக்கு அனுப்புவது அங்கே வழமை, அது எந்தக் கணக்கில் விழுந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். கொழும்பிலும் உரிமை வழங்கல் வந்தால் அந்த உரிமை தனிக் குறியீட்டில் சில நாட்கள் சந்தையில் விற்கப்படும். காசு இல்லை என்று கடிதத்தை மேசை லாச்சியில் போட்டுவிடுவதுதான் எங்கள் ஆட்கள் செய்யும் மிகச் செலவான பிழை. உரிமையை விற்றாவது இருந்தால் அந்த ஒன்பது வீதத்தில் ஒரு பகுதியாவது கையில் வந்திருக்கும்.

நாஷனல் கிரிட்டின் பழைய விலையில் இதைவிட நுட்பமான ஒரு பொறியும் இருக்கிறது. 2017இல் எரிவாயு விநியோகப் பிரிவின் பெரும்பகுதியை விற்ற பணத்தில் பங்குக்கு 84.375 பென்ஸ் விசேட பங்கிலாபம் கொடுத்துவிட்டு, கூடவே 12 பழைய பங்கை 11 புதிய பங்காகச் சேர்த்தார்கள். பணம் வெளியே போனதால் விலை இறங்க வேண்டும், பங்கு குறைந்ததால் விலை ஏற வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுகிற மாதிரியே அந்த விகிதத்தை வைத்தார்கள். இதில் பங்குச் சேர்ப்பை மட்டும் சீராக்கி, விசேட பங்கிலாபத்தை விட்டுவிடும் தளத்தில் 2017க்கு முந்தைய விலைகள் எல்லாம் ஒன்பது வீதம் உயர்ந்து காட்டும், பங்கு அதற்குப் பிறகு மோசமாகிவிட்டதுபோல. 2005இலும் 49க்கு 43 என்று இதே மாதிரி நடந்தது. 2010இல் ஐந்துக்கு இரண்டு, 335 பென்ஸுக்கு இன்னொரு உரிமை வழங்கல். ஆகவே இருபது வருட வரைபடத்தை ஒரே கோடாகப் பார்த்துக் கதைப்பவர் இந்த நான்கையும் எப்படிக் கையாண்டார் என்று கேட்காமல் நம்பவேண்டாம். லண்டன் விலை பென்ஸில் வரும் என்பதையும் மறக்கக்கூடாது. 645 என்பது ஆறு பவுண் 45. நியூயோர்க்கில் விற்கும் நாஷனல் கிரிட் சான்று ஒன்று ஐந்து சாதாரணப் பங்குக்குச் சமம். இரண்டையும் ஒப்பிட்டுத் தரவு பிழை என்று சொல்பவர்கள் இந்த ஐந்தைத்தான் பெருக்காமல் விட்டிருப்பார்கள்.

அப்பாவின் கணக்குக்குத் திரும்புவோம். நேரடி விலையில் 7.90 இலிருந்து 8.50: பதினான்கு வருடத்தில் எட்டு வீதம்கூட இல்லை. சீராக்கிய விலையில் 3.42 இலிருந்து 8.50: இரண்டரை மடங்கு, வருடத்துக்கு ஆறரை வீதம் சொச்சம். இரண்டுக்கும் இடையில் இருப்பது முழுக்கப் பங்கிலாபம். மின்சாரப் பங்கில் இதுதான் இயல்பு. விலை வரைபடத்தை மட்டும் பார்ப்பது பால் கறந்ததை எழுதாமல் மாட்டின் விலையை மட்டும் எழுதிவைப்பது மாதிரி. ஆனால் இந்த இரண்டரை மடங்கிலும் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: கிடைத்த ஒவ்வொரு பங்கிலாபத்தையும் வரி கழிக்காமல் அன்றே அதே பங்கில் திரும்பப் போட்டதாக. அப்பா அப்படிச் செய்திருக்கமாட்டார். அந்தக் காசு பள்ளிக்கூடச் செலவுக்கும் கூரை வேலைக்கும் போயிருக்கும். வரியும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இப்போது பங்கிலாபத்தில் 15 வீதம் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள்.

அவருடைய உண்மையான வருவாய் வேண்டுமென்றால் சீராக்கிய நிரலைத் தொடவே வேண்டாம். எக்செலில் இரண்டு நிரல் போதும்: தேதி, பணம். முதல் நிரையில் 2011 மே தேதியும், கொன்ட்ராக்ட் நோட்டில் தரகுக் கூலி உட்பட வந்த மொத்தத் தொகையும், முன்னால் சயக் குறியோடு. வெறும் 15,800 என்று போடாதீர்கள். கூலியும் ஏனைய கட்டணங்களும் இன்றைய வீதத்தில் 1.12 வீதம் அளவு வரும், வாங்கும்போது ஒருமுறை, விற்கும்போது ஒருமுறை. பிறகு ஒவ்வொரு பங்கிலாபமும் வங்கியில் விழுந்த தேதியும், வரி போகக் கையில் வந்த தொகையும். கடைசி நிரையில் இன்றைய தேதியும் 2,000 பங்கின் விற்பனைப் பெறுமதியும். அதன் கீழே, தேதியோடு உள்வருவாய் வீதம் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் என்ற சூத்திரம். வருடத்துக்குச் சராசரி 48 சதம் பங்கிலாபம் என்றால் வரிக்கு முன் விடை 6.4 வீதம் அளவில் வரும். மொத்தமாகக் கிடைத்ததைக் கூட்டிப் பதினான்கால் பிரிக்கும் முறை பிழை. 2012இல் வந்த காசும் 2024இல் வந்த காசும் ஒரே பெறுமதி என்று அது எடுத்துக்கொள்கிறது.

ஆக, ரூபாவில் அப்பாவுக்கு இலாபம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். 2011 மே மாதத்தில் ஒரு டொலர் 110 ரூபா அளவில் இருந்தது, இப்போது 300 அளவில். ரூபாவில் இரண்டரை மடங்கானது டொலரில் பார்த்தால் பத்துக்கு ஒன்பதாகக் குறைந்திருக்கிறது. அதே பணத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டுப் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தாலும் ஆறரை வீதத்தை எட்டுவது இந்த நாட்டில் கடினமாக இருந்திருக்காது. வாங்கிய காலமும் அப்படி: கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2008 முடிவில் 1,500 சொச்சம், 2010 முடிவில் 6,600 சொச்சம். போர் முடிந்த உற்சாகத்தில் நாலு மடங்குக்கு மேல் ஏறி முடிந்த பிறகுதான் அப்பா உள்ளே வந்திருக்கிறார். இதே பங்கை 2009 தொடக்கத்தில் வாங்கியவரின் கோப்பும் 2011இல் வாங்கியவரின் கோப்பும் இரண்டு வேறு கம்பனியின் கதை போல இருக்கும். எந்தத் தேதியில் தொடங்குகிறோம் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே ஒரு தொடக்கத் தேதியோடு நிற்காமல், ஒவ்வொரு வருட மார்ச் 31ஐயும் தொடக்கமாக வைத்து ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள்.

தரவில் இருக்கும் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். கொவிட் காலத்தில் 2020 மார்ச் பிற்பகுதியில் மூடிய கொழும்புச் சந்தை மே 11இல்தான் மீண்டும் திறந்தது. 2022 ஏப்ரல் 18 தொடங்கிய வாரமும் மூடினார்கள். சில தளங்கள் அந்த நாட்களைக் காலியாக விடும், சில கடைசி விலையையே திரும்பத் திரும்ப நிரப்பும். நிரப்பியதை வைத்து ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டால் பங்கு அமைதியானது என்று பொய்யாகத் தெரியும். வியாபாரமே நடக்காத நாட்களிலும் இதே கதை. சிறிய நீர்மின் பங்குகளில் சில நாட்களில் சில நூறு பங்குதான் கைமாறும். அந்த நாள் விலையில் உங்கள் 2,000ஐயும் விற்றிருக்கலாம் என்று நினைக்காதீர்கள். விலை நிரலுக்குப் பக்கத்தில், எத்தனை பங்கு கைமாறியது என்ற நிரலையும் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் உரைகல் கம்பனியின் ஆண்டறிக்கை: முதலீட்டாளர் தகவல் பக்கத்தில் அந்த வருடத்தின் அதிகூடிய, அதிகுறைந்த, கடைசி விலைகள் அச்சில் இருக்கும். இங்குள்ள மின்னுற்பத்திக் கம்பனிகள் பலவற்றின் நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். கோப்பின் மார்ச் 31 விலை ஆண்டறிக்கையோடு பொருந்தினால் அது நேரடி விலை. அந்த அறிக்கைகள் பங்குச் சந்தையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

இதுவரை சொன்னது கணக்கு. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. விலை ஏன் அசைந்தது என்பதற்கு வரும்போது உறுதி குறைகிறது, ஆனால் சில காரணங்கள் பலமானவை. முதலில், இங்கே பட்டியலில் இருக்கும் மின்சாரக் கம்பனிகள் உங்கள் வீட்டு மீற்றருக்குப் பில் அனுப்பும் கம்பனிகள் இல்லை. மின்சார சபை பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் சிறிய நீர்மின், காற்று, சூரிய உற்பத்தியாளர்கள். நீண்டகாலக் கொள்வனவு உடன்படிக்கையின் கீழ் சபைக்கு விற்பவர்கள். ஆகவே 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் கூடியபோது இவர்களின் அலகு விலை அதனால் கூடவில்லை. அவர்களுக்கு வந்த நன்மை மறைமுகமானது: சபையிடம் காசு வந்தது, மாதக்கணக்கில் தேங்கியிருந்த நிலுவை கரைந்தது. அந்தக் காலத்துப் பங்கு விலையை விளங்க வேண்டுமென்றால் இலாப நட்டக் கணக்கைவிட ஐந்தொகையில் வரவேண்டிய கடன்களைப் பாருங்கள். வரவேண்டியதை வருட வருமானத்தால் பிரித்து 365 ஆல் பெருக்கினால் எத்தனை நாள் காசு சபையிடம் நிற்கிறது என்று வரும். காகிதத்தில் இலாபமும் கையில் வறட்சியுமாக இருந்த வருடங்களில் பங்கிலாபம் நின்றுபோயிருப்பதைக் காண்பீர்கள்.

இரண்டாவது வட்டி. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அந்த வருடக் கடைசியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. திறைசேரி உண்டியலிலேயே 30 வீதம் கிடைக்கும்போது 8 வீதப் பங்கிலாபத்துக்கு யார் பழைய விலை கொடுப்பார்? வட்டி இறங்கிய பிறகு விலை திரும்பியதும் அதே காரணத்தால். உங்கள் கோப்பில் 2022 பள்ளமும் அதற்குப் பிந்தைய ஏற்றமும் கம்பனியின் கெட்டித்தனத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. மழை மூன்றாவது. வறண்ட வருடத்தில் நீர்மின் வருமானம் நேரடியாகச் சரியும். காற்றாலைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. ஒரு காலாண்டை அதற்கு முந்தைய காலாண்டோடு ஒப்பிடாமல், போன வருடத்து அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

நான்காவதுதான் என் கணிப்பில் பெரியது, வரைபடம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதுவே. நாஷனல் கிரிட் கம்பிக்கும் கோபுரத்துக்கும் சொந்தக்காரன். பிரித்தானியாவில் அது எவ்வளவு உழைக்கலாம் என்று ஒப்கெம் என்ற ஒழுங்குபடுத்துநர் காலத்துக்குக் காலம் தீர்மானிக்கிறார். அந்தத் தொழிலுக்கு முடிவுத் தேதி இல்லை. இங்குள்ள சிறிய நீர்மின் நிலையத்துக்கு உடன்படிக்கை முடியும் தேதி இருக்கிறது. பழையவை 15 வருடம், பின்னர் வந்தவை 20 வருடம். அது குத்தகைக்கு எடுத்த தோட்டக் காணி மாதிரி. பதினைந்து வருடக் குத்தகையில் பன்னிரண்டு போய்விட்டால், வாழை எவ்வளவு நன்றாகக் குலை போட்டாலும் மீதிக் குத்தகைக்கு முதல் வருட விலை யாரும் தரமாட்டார்கள். ஆகவே தாராளமாகப் பங்கிலாபம் கொடுத்துக்கொண்டு விலை மெல்ல இறங்கும் ஒரு பங்கு கெட்ட பங்கு என்று சொல்ல முடியாது; கொடுத்த காசில் ஒரு பகுதி உங்கள் முதலே திரும்பி வருவது. மறுபக்கம், 12 வீதப் பங்கிலாபம் என்று ஆசைப்பட்டு வாங்குபவர் தன் முதலைத் தானே வட்டி என்று எண்ணிச் செலவழிப்பவராகவும் இருக்கலாம். உடன்படிக்கை புதுப்பித்தால் என்ன விலைக்கு என்பது புதுப்பிக்கும்வரை தெரியாது. கட்டுமானச் செலவு மீண்டுவிட்ட நிலையத்துக்குச் சபை பழைய விலை கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. உகண்டா வரை போய் நிலையம் கட்டிய இலங்கைக் கம்பனியும் உண்டு. வெளிநாட்டு நாணயத்தில் வருமானம் இருந்தால் 2022இல் ரூபா விழுந்தது அந்தக் கணக்குக்கு உதவியிருக்கும். பழைய விலைகள் இந்த வேறுபாடு எதையும் பிரித்துக் காட்டாது.

ஏ9 வீதியால் போகும்போது பளையில் தெரியும் காற்றாலைகளைப் பார்த்து அந்தப் பங்கும் வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். பட்டியலில் இருக்கும் வின்ட்ஃபோர்ஸ் என்ற காற்றாலைக் கம்பனி 2021இல்தான் 16 ரூபாவுக்குப் பொது வழங்கலுக்கு வந்தது. அதற்கு முன் சந்தை விலை என்று ஒன்றில்லை. இருக்கிற குறுகிய காலத்துக்குள்ளேயே நாணய வீழ்ச்சி, 30 வீத வட்டி, நிலுவை, மீட்சி எல்லாம் அடங்கிவிட்டதால், அந்தச் சராசரியை வைத்து வழமையான வருடம் எப்படியிருக்கும் என்று ஊகிக்க முடியாது.

ஆகவே வேலை வரிசை இப்படி. அப்பாவின் பெயரில் இருக்கும் மத்திய வைப்புத் தொகுதிக் கணக்கில் (பங்குகள் மின்பதிவாக இருக்கும் கணக்கு) 2,000 பங்கும் இருக்கிறதா என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் பங்குச் சந்தைக் கிளையில் கேளுங்கள். கம்பனியின் பதிவாளருக்கு எழுதி 2011 முதல் கொடுத்த பங்கிலாபங்களின் பட்டியலை எடுங்கள். வங்கிக் கணக்கு மாறியிருந்தால் கோராமல் கிடக்கும் தொகையும் அதில் தெரியவரும். பட்டியல் வந்ததும் மேலே சொன்ன இரண்டு நிரலைப் போடுங்கள். பிறகு கடைசி ஆண்டறிக்கையைத் திறந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் எத்தனை மெகாவாற், உடன்படிக்கை எந்த வருடம் முடிகிறது என்று ஒரு துண்டில் எழுதுங்கள். பாதிக்கு மேற்பட்ட மெகாவாற் அடுத்த ஐந்து வருடத்துக்குள் முடிகிறதென்றால், 8.50 என்ற விலையை 2011இன் 7.90 ஓடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மீதி வருடங்களில் வரக்கூடிய பங்கிலாபங்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள்.